எதிர்க்கரைச் சுருதி

என் கணவன் லூஷியஸ் நல்ல மனிதன். சாக்ஸபோனும் நன்றாகவே வாசிப்பான். ஆனால் கல்யாணமான மூன்று வருஷத்தில் அவனை நான் வீட்டில் பார்த்தது மொத்தம் ஏழு மாதம். மிச்ச நாளெல்லாம் பதினாறு பேர் கொண்ட ஒரு நடன பேண்டின் பஸ்ஸில் கிடந்தான். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களான எங்களுக்கு ஓட்டலில் அறை கிடைக்காது என்பதால் தூக்கமும் பஸ்ஸில்தான். இவ்வளவு பாடுபட்டு அவனுக்குத் தனியாக வாசிக்கக் கிடைப்பது ஓர் இரவுக்கு அரை நிமிஷம். ஆடுகிற மும்முரத்தில் அதையும் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பஸ் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஜார்ஜியாவுக்குக் கிளம்புவதாக இருந்தது. திரும்பிவர ஆறு மாதம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, ஹார்லெமில் ஜூனிபர் கிளப்பில், ராஸ்கோ பைனம் தன் ஐவர் குழுவுக்கு ஒரு சாக்ஸபோன்காரனைத் தேடினான். இடம் கிடைத்தால் லூஷியஸ் நியூயார்க்கிலேயே இருப்பான். கிடைக்காவிட்டால் பஸ். அன்று காலை சர்ச்சில் போதகர் யுத்தம் முடிய வேண்டும் என்று ஜெபித்தபோது, கர்த்தர் மன்னிக்கட்டும், நான் ராஸ்கோவின் மனம் இளக வேண்டும் என்றுதான் ஜெபித்தேன்.

நான் ஐடெல்லா. ராஸ்கோவின் பியானோக்காரனைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போனதிலிருந்து அங்கே பியானோ வாசித்தவள். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் உக்காரு தங்கச்சி" என்று அவன் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவர்கள் வாசித்தது புது தினுசு. ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய காதல் பாட்டு ஒன்றை எடுப்பார்கள். மெட்டைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். அடியில் ஓடும் கூட்டு ஸ்வரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே கோணல்மாணலாக ஒரு புது மெட்டைக் கட்டி, பேய் துரத்துகிற வேகத்தில் வாசிப்பார்கள். பாட்டை எழுதியவனே முன்வரிசையில் உட்கார்ந்தாலும் தன் பிள்ளை என்று தெரியாது.

கிளப்பின் சமையல்காரி மிஸ் ஓஸெல்லாவுக்கு இதெல்லாம் பிடிக்காது.

"ஏன்டா ராஸ்கோ, இதுக்கு மனுஷன் ஆட முடியுமா? டிரம்மை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி இருக்கு."

"ஆடறதுக்கில்ல மிஸ் ஓஸெல்லா. உக்காந்து கேக்கறதுக்கு."

"நான் உக்காந்து கேட்டா அடுப்புல கோழி கருகிடும்டா."

புது ஆள் வந்தால் ஒரு சோதனை உண்டு. ராஸ்கோ பாட்டின் பெயரைச் சொல்வான். சுருதியை வாயால் சொல்ல மாட்டான், விரலால் காட்டுவான்: கீழே நீட்டினால் ஃபிளாட், அரைப்படி இறங்கிய ஸ்வரங்கள்; மேலே நீட்டினால் ஷார்ப், அரைப்படி ஏறியவை; எத்தனை விரலோ அத்தனை ஸ்வரம். காலால் நாலு தட்டு. உடனே புது ஆள் துணையே இல்லாமல் தனியாகப் பாய வேண்டும். இரண்டு வினாடி கழித்துத்தான் பியானோவும் மற்றவையும் சேரும். தடுமாறினால் யாரும் கைகொடுக்கக் கூடாது. பியானோக்காரி கைகொடுக்கவே கூடாது. எத்தனையோ பெரிய பேண்டுகளின் சூரர்கள் அந்த மேடையில் ஏறி, பத்தே நிமிஷத்தில் வாத்தியத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன்.

அதனால் மூன்று வாரமாக எங்கள் சமையலறையில் லூஷியஸுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. புது மெட்டுகள் எல்லாவற்றையும் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்தான். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும் வேகம்வரை வாசித்தான். எல்லாம் சரியாக இருந்தது.

அந்த ஞாயிறு மாலை லூஷியஸ் மேடையேறியதும் ராஸ்கோ தலையசைத்தான். "வாங்க மாப்ள. பஸ்லயே குடித்தனம் பண்றீங்களாமே?"

"வீட்டுக்காரி தொரத்தலேன்னா நான் ஏன்யா பஸ்ல படுக்கறேன்?" என்றான் லூஷியஸ். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ராஸ்கோ பாட்டைச் சொன்னான். மூன்று விரலைக் கீழ்நோக்கிக் காட்டினான். மூன்று ஃபிளாட். சின்னக் குழந்தைக்கும் தெரியும். நாலு தட்டு, லூஷியஸ் பாய்ந்தான்.

மூன்று ஷார்ப்பில்!

அந்தக் கணமே புரிந்துவிட்டது. அவனுடைய பேண்ட் தலைவர் ஒரு தலைகீழ் ஆசாமி, விரலைக் கீழே காட்டினால் ஷார்ப், மேலே காட்டினால் ஃபிளாட். எட்டு வருஷம் அந்தக் கணக்கில் ஊறியவன் இவன். பன்னிரண்டு சுருதியையும் உட்காரவைத்துப் பழக்கியவளுக்கு இந்த ஒன்றைச் சொல்லத் தோன்றவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அந்த இரண்டு சுருதிகளும் ஆற்றின் இரண்டு கரைகள். அதற்குமேல் விலகி நிற்கவே முடியாது. ஆனால் ஒரு விசேஷம் உண்டு. பாட்டு தன் ஆதார ஸ்வரத்துக்கு, அதாவது வீட்டுக்கு, திரும்புவதற்கு முன் ஒரு கணம் வாசலில் நிற்குமே, அந்த வாசல் ஸ்வரக்கூட்டுக்கு மட்டும் எதிர்க்கரையிலும் ஒரு ஜோடி உண்டு. அதில் பாதி ஸ்வரம் இதிலும் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் காது முதலில் திடுக்கிடும், பிறகு தித்திக்கும்.

முறைப்படி நான் வீட்டில் இறங்கியிருக்க வேண்டும். அவன் முங்கியிருப்பான். நான் வாசலில் இறங்கினேன், அதுவும் எதிர்க்கரை வாசலில். டிரம்காரன் வெண்டல் சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் தொப்பி விளிம்புக்குக் கீழே முகத்தை வைத்துக்கொண்டேன்.

லூஷியஸின் காது மந்தமில்லை. ஆளுயரப் பாஸ் தந்திவாத்தியக்காரனின் கனத்த ஒலி கேட்டதுமே தான் வேறு கரையில் நிற்பது தெரிந்துவிட்டது. இன்னொருவனாக இருந்தால் நிறுத்தி மன்னிப்புக் கேட்டிருப்பான். இவன் என் கை வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்டான். நான் வைத்த இடத்தில் காலை வைத்து, வழுக்கி, வீட்டுக்குள் விழுந்தான். விழுந்தவன் அடுத்த சுற்றில் வேண்டுமென்றே மறுபடி அக்கரைக்குத் தாவினான்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் பிடித்தேன். பின்னாலிருந்து வெண்டல் "ஓ!" என்று கத்தினான்.

முடிந்தது. ராஸ்கோ அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"வேணும்னுதான் அப்படி ஆரம்பிச்சியா?"

ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று எனக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதானே?

"இல்லண்ணே" என்றான் என் புருஷன். "விரலைத் தலைகீழாப் படிச்சுட்டேன். எங்க பேண்டுல கீழன்னா ஷார்ப்."

கிளப்பே அதிர்ந்தது. வெண்டல் சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தான். எனக்கு இவனைப் பெற்ற தாயைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. உண்மை விளம்பி! ஜார்ஜியாவில் போய் விளம்பிக்கொண்டிரு.

ராஸ்கோ மட்டும் சிரிக்கவில்லை. "சரி. மறுபடியும் அந்தத் தப்பைப் பண்ணு. ஒரு தடவை வந்தா விபத்து. கேட்டப்போ வந்தா சங்கீதம்." ஐந்து விரலைக் கீழே காட்டினான். "இது ஃபிளாட் மாப்ள, உன் பாட்டன் காட்டினாலும் ஃபிளாட்தான்."

லூஷியஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஜாடை எதுவும் காட்டவில்லை. பயத்தில் மறந்தே போயிற்று என்பதுதான் நிஜம்.

இந்த முறை வீட்டிலிருந்து தொடங்கினான். எட்டு தாள ஆவர்த்தனம் ஒழுங்காக நடந்தான். ஒன்பதாவதில் தாவினான், நான் அங்கே இருந்தேன். பத்தாவதில் நான் தாவினேன், அவன் எனக்கு முன்னால் போய் நின்றான். பஸ்ஸும் ஜார்ஜியாவும் எனக்கு நினைவில்லை. மிஸ் ஓஸெல்லா அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு, கையில் கரண்டியோடு நின்று கேட்டாள்.

நிறுத்தியபோது ராஸ்கோ கைக்குட்டையால் மெதுவாக முகம் துடைத்தான்.

"மாப்ள, இடம் உனக்குத்தான். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்கண்ணே."

"நீ அக்கரைக்குப் போறப்ப புடிக்க ஆள் இல்லேன்னா, நீ சும்மா தப்பா வாசிக்கிற ஆளு, அவ்வளவுதான். தங்கச்சி, வேற பியானோக்காரனை நான் தேடப் போறதில்ல. என்ன சொல்ற?"

எட்டு மாதமாக அந்த நாற்காலியில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தவள் நான். அன்று முழுக்க அவனுக்காக மட்டுமே வேண்டிக்கொண்டிருந்தேன், எனக்கென்று கேட்கத் தோன்றவேயில்லை. தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டேன். லூஷியஸ்தான் மேடை அதிரக் குதித்தான். தனக்கு இடம் என்றபோது அவன் அப்படிக் குதிக்கவில்லை.

"அவளுக்கு அழுகை வந்தா சரின்னு அர்த்தம்" என்றான் ராஸ்கோவிடம்.

"உன்னை யாருடா கேட்டா?" என்றேன் நான், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சர்ச் நேரத்துல மட்டும் வரமாட்டேன். மத்தபடி சரி."

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் பஸ் அவனில்லாமல் போயிற்று. லூஷியஸ் என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. அவனை எழுப்பவும் மனம் வராமல், முந்தின ராத்திரியிலிருந்தே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.