ஷிஹாத்தாவின் சாட்சியம்

போலீஸ் கேப்டன் வஜ்தியின் சவப்பெட்டிக்கு முன்வரிசையில் நின்று தோள் கொடுத்தவர் கர்னல் இஸ்ஸத். கொடி போர்த்திய பெட்டி பள்ளிவாசல் படியை விட்டு இறங்கியபோது அவர் தேம்பித் தேம்பி அழுதார். படம் எடுக்க வந்தவர்களே கேமராவைத் தாழ்த்திக்கொண்டார்கள். வஜ்தியின் மனைவியிடம் போய், "பெத்த புள்ளைய பறிகொடுத்த மாதிரி இருக்கும்மா" என்றார்.

இதையெல்லாம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் மேஜர் ரவூப். பிணவறையில் வஜ்தியைப் பார்த்தவன் அவன். கடத்தல்காரர்களோடு நேருக்கு நேர் மோதிச் செத்தான் என்று ஸ்டேஷன் அறிக்கை சொன்னது. ஆனால் குண்டு பிடரியில் நுழைந்திருந்தது. சுற்றிலும் முடி பொசுங்கியிருந்தது. துப்பாக்கியைத் தலையில் வைத்து அழுத்தினால்தான் அப்படிப் பொசுங்கும்.

எகிப்தில், அலெக்சாந்திரியாவின் மேற்குக் கோடியில், உப்பளங்களை ஒட்டி இருந்தது மல்லாஹா போலீஸ் ஸ்டேஷன்; கர்னலின் கீழ் வஜ்தியும் ரவூபும் வேலை பார்த்த இடம். அந்தக் கரையில் கடல் வழியாக ஹஷீஷ் என்ற போதைச்சரக்கு வந்து இறங்குவது ஊருக்கே தெரியும். சரக்கு இறங்கும் நாளில் மட்டும் போலீஸ் படகு பழுதாகிவிடும். ஏன் பழுதாகிறது என்று வஜ்தி கேட்க ஆரம்பித்திருந்தான். "கொஞ்சம் பொறுடா, ஆதாரம் சிக்கட்டும்" என்று அவனை அடக்கி வைத்தவன் ரவூப். அந்தப் பொறுமைதான் இப்போது பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஊர் ஜனங்களுக்கு எல்லாப் போலீஸ் அதிகாரியும் 'பாஷா'தான்; ஸ்டேஷனில் ரவூபுக்கு மட்டும் கிறுக்கன் என்று பெயர். காப்பிக்கடையில் குடித்த டீக்குக் காசு கொடுக்கும் அதிகாரியை வேறு எப்படி அழைப்பார்கள்? தன் சொந்தப் பழைய ஃபியட்டில்தான் சுற்றுவான். மேலதிகாரி விருந்துக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்பான். ஆனால் அவனுக்கு வாயை விடக் கை முந்தும். முன்பொரு முறை, காணாமல் போன ஒரு சிறுமியைக் கண்டுபிடிக்க ஒருவனைத் துவைத்து எடுத்தான். சிறுமி உயிரோடு கிடைத்தாள். பத்திரிகைகள் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடின. அதற்குப் பிறகு அந்தக் கையைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை, அவன் உட்பட.

வஜ்தி செத்த நாளிலிருந்து ஷிஹாத்தா என்ற படகோட்டியைக் காணவில்லை என்று ரவூபுக்குத் தெரிய வந்தது. உப்பளக் கரையில் சரக்கு இறக்குகிறவர்களில் அவனும் ஒருவன். அன்ஃபூஷி படகுப் பட்டறையில் ஒளிந்திருக்கிறான் என்று துப்புக் கிடைத்ததும், ரவூப் தன் ஏட்டு புரயீயை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். பல வருஷமாகக் கூட இருக்கிற ஏட்டு. ரவூப் நம்பிய ஒரே ஆள்.

பாதி கட்டிய மீன்பிடிப் படகு ஒன்றின் வயிற்றுக்குள், மரச்சுருள் குவியலில் படுத்திருந்தான் ஷிஹாத்தா. நாற்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த கருவாடு மாதிரி உடம்பு. ரவூபைக் கண்டதும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"பாஷா, நானே வந்து..."

முடிப்பதற்குள் ரவூபின் முழங்கை அவன் வாயில் இறங்கியது. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான். உள்ளே ஏதோ மளுக்கென்றது.

"வஜ்தியை யாருடா கொன்னது? சொல்லு! அவன் என் தம்பி மாதிரிடா நாயே!"

"சொல்றேன், சொல்றேன் பாஷா..."

இன்னும் ஓர் உதை. பிறகுதான் ரவூப் காது கொடுத்தான்.

ரத்தத்தைத் துப்பித் துப்பி ஷிஹாத்தா சொன்னான். அன்றைக்குச் சரக்கு இறங்கும்போது வஜ்தி தனியாக வந்து நின்றான். கர்னலும் அங்கே இருந்தார். வஜ்தி கோபப்பட்டுக் கத்தினான்; கர்னல் கோபப்படவே இல்லை. தோளில் கை போட்டு, மகனோடு பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே படகு வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தார். பேசிக்கொண்டே சுட்டார்.

"கடல்ல போட்டுடவான்னு அவரு ஆளுங்க கேட்டாங்க பாஷா. 'வேணாம், தியாகியாக்கிடலாம். பாவம், பொண்டாட்டிக்குப் பென்ஷனாவது வரட்டும்'னாரு."

 ரவூப் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். "இதை அப்படியே வழக்கை விசாரிக்கிற அரசு வழக்குரைஞர்கிட்ட சொல்லணும். இப்பவே. நுஃமான்னு ஒருத்தர் இருக்காரு, விலை போகாத ஆளு. உன் உசுருக்கு நான் பொறுப்பு."

"உசுரு கெடக்கட்டும். மூச்சு விட முடியல பாஷா."

"புரயீ! வண்டிய எடு!" என்று ரவூப் வெளியே பார்த்துக் கத்தினான். பதில் இல்லை. வெளியே வந்தால் ஃபியட் நின்றது, ஏட்டைக் காணோம்.

ஷிஹாத்தாவை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிக் கடற்கரைச் சாலைக்கு ஏறியதும் விஷயம் விளங்கியது. பின்னால் ஒரு கறுப்பு ஜீப் மற்ற வண்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. முன்சீட்டில் கர்னலின் ஆட்களுக்கு நடுவே புரயீ உட்கார்ந்திருந்தான். கையை நீட்டி ஃபியட்டைக் காட்டிக்கொண்டிருந்தான்.

ரவூபின் செல்போன் அடித்தது. கர்னல்தான்.

"ரவூப், கண்ணு, எங்கே போற? அந்தப் பொறுக்கிய எங்கிட்ட விட்டுட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. உன்னை நான் எப்பவாவது கைவிட்டிருக்கேனா?"

"வஜ்தி தோள்ல போட்ட கைதானே அது?"

மறுபக்கம் ஒரு பெருமூச்சு. "உன் இஷ்டம்டா மகனே."

பின்கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. ரவூப் வண்டியைத் திருப்பி டிராம் பாதையில் ஏற்றினான். எதிரே வந்த டிராம் மணியை விடாமல் அடித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி அவன் அப்பன் பாட்டன் எல்லாரையும் திட்டினார். கடைசி நொடியில் ரவூப் ஒரு சந்துக்குள் ஒடித்தான். ஜீப் டிராமின் பக்கவாட்டில் மோதி நின்றது. ஆனால் அடுத்த குண்டு ரவூபின் இடது தோளைக் கிழித்துக்கொண்டு போனது. ஃபியட் ஒரு தர்ப்பூசணிக் கடைக்குள் புகுந்து செத்தது.

"எறங்குடா!"

ஷிஹாத்தாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு மீன் சந்தைக்குள் ஓடினான். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. இறால் கூடைகள் சரிந்தன. பனிக்கட்டி காலில் வழுக்கியது. ஒருவன் குறுக்கே பாய்ந்து ஷிஹாத்தாவின் தலைமுடியைப் பிடித்தான். ரவூப் கிடைத்த தராசுத் தட்டால் அவன் முகத்தில் அறைந்துவிட்டு ஓடினான். சந்தையின் மறுவாசலில் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

கல்யாணச் சீர் போய்க்கொண்டிருந்தது. வரிசையாகத் திறந்த லாரிகள். மேலே கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், மூட்டை மூட்டையாய்ப் பாத்திரங்கள். லாரிகள் மேலேயே பெண்கள் நின்று குலவையிட்டுக்கொண்டு வந்தார்கள். ரவூப் ஷிஹாத்தாவை ஒரு லாரியில் தூக்கிப் போட்டுவிட்டுத் தானும் தொற்றி ஏறினான்.

"ஏய், மெத்தைய மிதிக்காதய்யா! பொண்ணே இன்னும் அதுல உக்காரல!" என்று ஒரு பருத்த அம்மாள் பாய்ந்து வந்தாள். மணப்பெண்ணின் அத்தையாக இருக்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "யாருய்யா நீங்க?"

"போலீஸும்மா."

"தொரத்துறது யாரு?"

"அதுவும் போலீஸ்தான்."

அந்த அம்மாள் சந்தை வாசலில் துப்பாக்கியோடு நின்றவர்களைப் பார்த்தாள். இவர்களைப் பார்த்தாள். பிறகு ஒரு பூப்போட்ட விரிப்பை எடுத்து இரண்டு பேர் மேலும் போட்டு மூடிவிட்டு, அதன் மேல் கையூன்றி நின்றுகொண்டு ஊரே கேட்கும்படி ஒரு குலவை விட்டாள். அத்தனை பெண்களுக்கும் மேளக்காரர்களுக்கும் நடுவில் சுட ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை. விரிப்புக்குள் இருட்டில், ஷிஹாத்தா வலி தாங்காமல் முனகும் சத்தம் ரவூபுக்குக் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்று அவன் நினைத்தான்.

லாரி நீதிமன்றக் கட்டடத்தைத் தாண்டும்போது இறங்கி, ஷிஹாத்தாவைத் தாங்கிக்கொண்டு படியேறினான். நுஃமான் ஒல்லியான, சட்டப்புத்தகம் மாதிரி மடிப்புக் கலையாத மனிதர். கதவைச் சாத்தச் சொன்னார். ஷிஹாத்தாவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். ஷிஹாத்தா எதையும் மறைக்கவில்லை. உப்பளம், சரக்கு, தோளில் போட்ட கை, தியாகி, எல்லாவற்றையும் சொன்னான். எழுத்தர் எழுதி முடித்தார்.

நுஃமான் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "உன் பல்லை உடைச்சது யாரு?"

ரவூபுக்கு அந்தக் கேள்வி முதலில் காதிலேயே ஏறவில்லை. ஷிஹாத்தா அவனைத் திரும்பிப் பார்த்தான். பார்வையில் கோபம்கூட இல்லை.

"இந்த பாஷாதான். வெலாவையும் இவருதான் ஒடைச்சாரு."

"சாட்சி சொல்லச் சொல்லி அடிச்சாரா?"

"சொல்லச் சொல்லித்தான் அடிச்சாரு."

நுஃமான் பேனாவைக் கீழே வைத்தார். "மேஜர், இது உண்மையா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஜீப்பில் வந்தவர்கள் அடித்தார்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க நேர்மையானவன் என்று தன்னை நம்பியிருந்தவனுக்கு, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

"உண்மைதான்."

"நீங்க இவனை உயிரோட கொண்டு வந்தீங்க. அதை எழுதிக்கிறேன். இதையும் எழுதித்தான் ஆகணும்."

"கொலைகாரனை விட்டுட்டு என் முழங்கையைப் புடிக்கிறீங்களே சார்!"

"நான் புடிக்கல. அந்தாளோட வக்கீல் புடிப்பான்" என்றார் நுஃமான், சோர்வாக.

அப்படித்தான் நடந்தது. அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்றார் கர்னலின் வக்கீல். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முடி பொசுங்கியதைப் பற்றி பிணவறை அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. ஏட்டு புரயீ சாட்சிக் கூண்டில் ஏறி, மேஜர் கைதிகளை அடிப்பதைப் பல வருஷமாகத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அதில் பொய் இல்லை. இறங்கிப் போகும்போது ரவூபின் பக்கத்தில் ஒரு கணம் நின்று, "எனக்கும் புள்ளைங்க இருக்கு பாஷா" என்று முணுமுணுத்தான். கர்னல் இஸ்ஸத் உடல்நிலையைக் காட்டி மரியாதையோடு ஓய்வு பெற்றார். வஜ்தியின் பெயரை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வைத்தார்கள்; பலகையைத் திறந்து வைத்தவரும் அவர்தான். மல்லாஹா விவகாரத்தில் சிறைக்குப் போன ஒரே போலீஸ்காரன் ரவூப்.

வெளியே வந்தபோது அவன் தோள் குளிர் காலத்தில் வலிக்கிற தோளாகியிருந்தது. வேலை இல்லை. வஜ்தியின் மனைவியைப் பார்க்கப் போனான். அவள் கதவைத் திறக்கவில்லை. இவன்தான் வழக்கைக் கெடுத்தவன் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதையும் பொய் என்று சொல்ல அவனால் முடியவில்லை.

பிறகு மீன் சந்தைக்குப் போனான். ஷிஹாத்தாவின் படகை யாரோ எரித்துவிட்டார்கள், இப்போது கூடை தூக்குகிறான் என்று கேள்விப்பட்டிருந்தான். ஷிஹாத்தா அவனைப் பார்த்ததும் ஓடவில்லை. சலாம் சொன்னான். முன்பற்கள் இல்லாததால் வார்த்தை காற்றோடு வந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, பாஷா?"

"தெரியல. உன்னைப் பார்க்கணும்னு தோணுச்சு."

"பாத்துட்டீங்கல்ல." ஷிஹாத்தா கூடையில் பனிக்கட்டியை அள்ளிப் போட்டுக்கொண்டே பேசினான். "என் பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்ப வஜ்தி பாஷாதான் அவரு வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு. அவர் செத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமில்லை. யாருகிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியாமத்தான் அந்தப் பட்டறையில கெடந்தேன். உங்களைப் பார்த்ததும் அல்லா அனுப்பி வச்சாருன்னு நெனச்சேன். வாயத் தொறந்தேன். நீங்க ஒடைச்சீங்க."

ரவூப் குனிந்து, கீழே சிந்திக் கிடந்த பனிக்கட்டியை எடுத்துக் கூடையில் போட்டான். 

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே பாஷா" என்றான் ஷிஹாத்தா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. இத்தனை நாளும் அவனுக்கே விளங்காத ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

சந்தைக்காரன் ஒருவன் அவன் பேரைச் சொல்லி அதட்டினான். ஷிஹாத்தா குனிந்து, வலது விலாவில் அழுத்தம் படாமல் உடம்பைச் சாய்த்து, கூடையைத் தலைக்கு ஏற்றினான். வழியில் ரவூப் நின்றுகொண்டிருந்தான்.

"கொஞ்சம் தள்ளுங்க பாஷா."

ரவூப் தள்ளி நின்றான்.