ஒன்பது முட்டை

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தோல்ஷாப்புத் தொழிலாளிகள் நாற்பது பேரிடம் ஆராய்ச்சிக்குக் கேம்ப் போட்டு எடுத்த ரத்தத்தில் ஒன்பது பேருடையது அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தது. பெங்களூரில் பேராசிரியர் முத்துக்கிருஷ்ணனுக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

"குரோமியத் தண்ணியில நின்னு நின்னு இவங்க ஜீன் எல்லாம் ஒரே தாளத்துல எரியுது, அணையுது. இப்படி ஒரு ஒழுங்க யாரும் பார்த்ததில்ல" என்றார். மாநாட்டில் பேசத் தலைப்பும் கொடுத்துவிட்டார்.

கணக்குப் போட்டவள் ஏஞ்சலின். அவள் தொழிலில் நுண்ணோக்கி கிடையாது, கம்ப்யூட்டர்தான். ஓர் உயிரணுவுக்குள் இருபதாயிரம் ஜீன். எது எப்போது வேலை செய்ய வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. அந்த முறை கெட்டு அணு இஷ்டத்துக்குப் பெருகினால் புற்றுநோய். எங்கே கெட்டது என்று எண்களில் தேடுவது அவள் வேலை. இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. தோல்ஷாப்பில் எந்த இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போய் அவள் பார்த்ததில்லை. ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறுகிற இடங்களை எடுத்து ஒப்பிட்டாள்.

"சார், இது ஒன்பது பேர் இல்ல. ஒரே ஆள்."

"ஒரே குடும்பமா இருக்கும்."

"அண்ணன் தம்பிக்குப் பாதிதான் ஒத்துப்போகும். ரெட்டைப் பிள்ளைன்னாலும் ரெண்டு பேர்தான். ஒரே பிரசவத்துல ஒன்பது பேர் பொறந்து ஒரே தோல்ஷாப்புல வேலைக்குச் சேர்ந்தாத்தான் உண்டு."

பேராசிரியர் "அந்த ஒன்பதையும் தூக்கிரு" என்றார்.

"அந்த ஒரு ஆளுக்கு ரத்தப் புற்று இருக்கு சார்."

இரண்டு ஜீன்கள் உடைந்து, ஒன்றோடொன்று தப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. அணைக்க முடியாத சுவிட்சு. வெள்ளை அணுக்கள் ஓயாமல் பெருகிக்கொண்டிருந்தன. ஆரம்பக் கட்டம், தினம் ஒரு மாத்திரை போட்டால் ஆள் பல வருஷம் நடமாடுவான். கவனிக்காமல் விட்டால் சில வருஷத்தில் முற்றும். அப்புறம் எந்த மாத்திரையும் பிடிக்காது.

"பேர் நமக்குத் தெரியக் கூடாதுங்கிறது விதி. கேம்ப் நடத்தின டாக்டருக்கு லெட்டர் போடு."

போட்டாள். டாக்டர் பொறுப்பாகப் பதில் எழுதினார்: ஒன்பது பேரையும் நேரில் விசாரித்ததில் ஒன்பது பேரும் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள்.

ஏஞ்சலின் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். திண்டுக்கல்தான் அவளுக்கும். அப்பா சூசை அதே தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இடுப்பளவு நின்றவர். ஒருவன் வர முடியாத நாளில் இன்னொருவன் அவன் பேரைச் சொல்லி நிற்பது அங்கே வழக்கம். மேனேஜருக்கு வேண்டியது ஏட்டில் பேர், தொட்டியில் ஆள். ஏஞ்சலின் முதன்முதலாகப் புதுநன்மை அப்பம் வாங்கிய அன்று சூசை மாதா கோயிலில் முழந்தாளிட்டிருந்தார். ஏட்டில் தொட்டிக்குள் நின்றார். அதைத் தெரிந்தவளுக்கு இது முதல் நாளே விளங்கியிருக்க வேண்டும். படிப்பு மறைத்துவிட்டது.

டாக்டர் விசாரித்த ஒன்பது பேர் யார் என்று தோல்ஷாப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மதிய இடைவேளையில் ஒன்பது பேரும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யார் ரத்தம்னு மட்டும் சொல்லுங்கண்ணே. மேனேஜர் காதுக்குப் போகாது."

"என் ரத்தம்தான்" என்றான் இஷாக்.

"அப்ப என்னுது?" என்றான் பக்கத்திலிருந்த ஈஸ்வரன்.

"ஒன்னுதுந்தான். ஒன்பது பேரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுல்ல."

சிரித்தார்கள். பேரை மட்டும் யாரும் சொல்லவில்லை. போன வருஷம் ஒருவனுக்குக் காசநோய் என்று சீட்டு வந்ததும், மறுநாளே மேனேஜர் அவன் பேரை அடித்துவிட்டார். கேம்புக்கு அவர்கள் பயந்ததும் அதற்குத்தான். ஊசிக்கு அல்ல.

ஏஞ்சலினுக்கு அந்த ஆளைப் பற்றி நிறையத் தெரியும். ஆண். பி பாசிட்டிவ். பீடி கிடையாது. காதில் குறும்பி ஈரமாக இருக்கும். பேர்தான் தெரியாது.

கேட்டருகே இட்லி விற்கும் ஆரோக்கியம்மாள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கூப்பிட்டாள்.

"ஏ ஏஞ்சலு, சூசை மகதானே நீ? என்னமோ கேட்டியாமே."

"கேம்ப் அன்னைக்கு ஒன்பது பேருக்கு ஒருத்தரே ரத்தம் குடுத்திருக்காரு அக்கா. அது யாருன்னு தெரியணும்."

"ரத்தம் குடுத்தவகளுக்கு ஆளுக்கு ஒரு முட்டைன்னு நான்தான் அவிச்சுக் குடுத்தேன். பொன்னழகு மட்டும் ஒக்காந்து ஒம்பது முட்டை தின்னான். தின்னுட்டு உப்புப் பத்தலைன்னான்."

ஏஞ்சலின் கேட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஒம் மிசினு சொல்லலையாக்கும்?"

சாயங்காலம் பொன்னழகு தொட்டியிலிருந்து ஏறி வந்து முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தான். ஐம்பதை ஒட்டிய வயது. ஈரத்தோலைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போடுகிறவன். இப்போது சட்டை தொளதொளத்தது.

"ஒன்பது டியூப்பு எடுத்தாக பாப்பா. வேற ஆளா இருந்தா விழுந்திருப்பான். எனக்கு ரத்தம் ஊறுற ஒடம்பு."

"அதாண்ணே வியாதியே. அளவில்லாம ஊறுது."

சொன்னாள். இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறதா என்று கேட்டாள். அவன் கை தன்னாலே அங்கே போனது.

"இப்பல்லாம் ரெண்டு வாய் திங்கும்போதே வயிறு நெறஞ்சிருது. முட்டைச் சூடுன்னு இருந்தேன்" என்றான். பிறகு, "மறுபடி டெஸ்டுக்கு நான்தான் வரணுமா? இஷாக்க அனுப்புறேனே. கூப்பிட்ட எடத்துக்கு வருவான்."

"அவர் ரத்தத்துல ஒங்க வியாதி இருக்காதுண்ணே."

"அதுக்குத்தான் அனுப்புறேங்கிறேன்."

"செத்துப் போவீக."

"வேல போனா மட்டும்?"

அவன் மகள் ஸ்ரீமதி நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ரத்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் புதன்கிழமை மட்டும்தான் உட்காருவார். புதன்கிழமை லீவு கேட்டால் எதற்கு என்று மேனேஜர் கேட்பார். கேட்காமல் போனாலும் தப்பாது. அங்கே சீட்டு எழுதுகிறவர் மேனேஜரின் மச்சான். அவருக்கு எவன் முகமும் தெரியாது. ஆனால் தொட்டி ஆட்கள் பேர் அத்தனையும் மனப்பாடம்.

வழி சொன்னவன் இஷாக். தனக்குக் கல்யாண வேலை என்று அவன் புதன்கிழமை லீவு எழுதுவது. பொன்னழகு பேரைச் சொல்லித் தொட்டியில் நிற்பது. இஷாக் பேரில் பொன்னழகு ஆஸ்பத்திரிக்குப் போவது. லீவில் இருக்கிறவன் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனால் மேனேஜருக்கு என்ன?

"புத்துநோய்னு தெரிஞ்சா, ஒங்க பேர்லதான் ஆஸ்பத்திரி ஏட்டுல ஏறும்" என்றாள் ஏஞ்சலின்.

"ஏறட்டும். மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன். நிக்கா முடியிற வரைக்கும் நான் சாகக் கூடாது, அம்புட்டுத்தான்."

"நீ எங்கடா சாகப்போற" என்றான் பொன்னழகு. "சாகப்போறது நான்தானே."

இஷாக் ஆதார் கார்டை எடுத்துக் கொடுத்தான். அதிலிருந்த படத்தை இஷாக் என்று அவன் பெண்டாட்டியே ஒத்துக்கொள்ள மாட்டாள். பொன்னழகு என்றாலும் செல்லும்.

பெங்களூரிலிருந்து பேராசிரியர் போன் பண்ணினார். "முப்பத்தொண்ணு வச்சு எழுதிடலாம். அந்த ஒன்பதுக்கு என்ன காரணம் போடலாம்?"

"பேர் மாறிப்போச்சுன்னு போடுங்க சார்."

"அவ்வளவு கவனக்குறைவா? படிக்காத ஜனங்கள வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

புதன்கிழமை காலை அவள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். மேனேஜரின் மச்சான் தலையைத் தூக்காமல் பேர் கேட்டார். பொன்னழகு வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "இஷாக். வயசு நாப்பத்தாறு." படிவத்தையும் அவளே நிரப்பினாள். கையெழுத்து கோணாமல் வந்தது.

நர்சு ரத்தம் எடுத்து, குழாயில் பேர் எழுதி ஒட்டி, ஏஞ்சலின் முன்னால் நீட்டினாள்.

"கூட வந்தவங்க தானே? பேர் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க. மாறிப்போச்சுன்னா எல்லாம் வீணாயிரும்."

ஏஞ்சலின் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

பொன்னழகு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிலும் பார்த்தான்.

"ஏன் பாப்பா, இங்க முட்டை கெடையாதா?"