பட்டியலில் இல்லாத தளபதி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை; திருத்தக் கொடுத்தார்கள். நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். லிப்டில் ஒட்டும் எச்சரிக்கை, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் தாள், எது வந்தாலும் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்து அனுப்புவது என் பிழைப்பு. போன மாதம் பதினொரு பக்கத்தில் ஒரு கட்டு வந்தது. 'மினியேச்சர் போர் விளையாட்டுப் போட்டி: விதிகளும் எதிர்பார்ப்புகளும்.'

விரல் உயரச் சிப்பாய்கள். ஒவ்வொன்றையும் வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேசை மேல் அணிவகுத்து நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிறார்கள். அத்தனை பேரும் குடும்பஸ்தர்கள். பொம்மை என்று சொன்னால் முகம் சுண்டிப்போகிறது.

விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு ஆசாமி இருக்கிறான். 'விதி 4: குளித்துவிட்டு வரவும்.' யாரோ குளிக்காமல் வந்திருக்கிறான். 'விதி 15: மேசைக்குக் கீழே விழுந்த பகடை செல்லாது. குனிந்து பார்த்து "ஆறுதான்" என்று சொல்வதும் செல்லாது.' யாரோ குனிந்திருக்கிறான்.

இருபத்து மூன்றாவது விதியில் பேனா நின்றது. 'எதிராளியின் சிப்பாயைத் தொடும் முன் அவரிடம் நேராகக் கேட்க வேண்டும். மச்சானாக இருந்தாலும்.' கடைசி இரண்டு சொற்கள் அச்சில் இல்லை; யாரோ பேனாவால் சேர்த்திருந்தார்கள். விதிக்குள் உறவுமுறை எதற்கு என்று அடித்துவிட்டேன்.

திருத்திய படியை வாங்க வந்தவர் அடித்ததைப் பார்த்தார். காது சிவந்தது. "அதை மட்டும் அழிக்காதீங்க. இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் விடுவேனா?

2.

விதி ஏழு: போட்டிக்கு வருகிறவர் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் படைப் பட்டியலை அனுப்பிவிட வேண்டும். பட்டியலில் இல்லாதவன் மேசையில் இல்லை. யாராவது கை தூக்கி நடுவரைக் கூப்பிட்டால், அவனை எடுத்துப் பெட்டியில் போட வேண்டியதுதான்.

அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? என் பட்டியலை இப்போதே கொடுத்துவிடுகிறேன்.

மில்லிமீட்டர்: படியை வாங்க வந்தாரே, அவர்தான். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். விதிகளை எழுதியதும் அவரே.
கேக்கு: அவருடைய மச்சான். பேக்கரியில் கேக் மேல் பூப்போடுகிறவர்.
நடுவர்: பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிப் பழக்கம், மூடச் சொல்லத் தெரியாது.
தளபதி: மூன்றரை சென்டிமீட்டர்.

மொத்தம் நான்கு. ஐந்தாவதாக ஒருவர் கதைக்குள் வந்தால் நீங்கள் தாராளமாகக் கை தூக்கலாம்.

3.

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் எழுதியது:

'போர்க்களத்தில் புழுதி பறந்து'

(பறக்காது. மேசையில் புழுதி இருந்தால் விதி பன்னிரண்டு.)

அடுத்தது:

'மனித வாழ்வே ஒரு பகடையாட்டம் என்று எண்ணிப் பார்த்தால்'

(யார் எண்ணிப் பார்க்கிறார்? நானா, கண்ணாடிக் கடைக்காரரா? அவருக்கு அதற்கு நேரமில்லை.)

சரி, நேராகவே ஆரம்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு மில்லிமீட்டர் கடையைத் திறந்து, ஷோகேசில் மூக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே நின்றிருந்த தளபதியை எடுத்து, லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தப்பு அப்போது நடக்கவில்லை. புதன்கிழமையே நடந்துவிட்டது. அவருக்குத்தான் தெரியாது.

4.

மில்லிமீட்டர் என்ற பெயர் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சிப்பாயின் காலடியில் ஒரு வட்டத் தட்டு ஒட்டியிருக்கும். இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த போட்டியில் இவர் நடுவர். கடைசிச் சுற்றில் கேக்கு ஜெயிக்கும் நிலையில் இருந்தார். யாரோ கை தூக்க, இவர் அளவுகோலோடு போய்க் கேக்கின் குதிரைவீரனை அளந்தார். முப்பத்திரண்டு இருக்க வேண்டிய தட்டு முப்பதுதான் இருந்தது. எடுத்து வெளியே வைத்துவிட்டார். கேக்கு ஒரு புள்ளியில் தோற்றார். எல்லோர் முன்னாலும் இரண்டு மில்லிமீட்டருக்காக மச்சானைத் தோற்கடித்தார் என்பதுதான் பேச்சு.

அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.*

(* கேக்கு இத்தனை ரோஷக்காரரா என்று எனக்கே சந்தேகம். நாள் முழுக்க சர்க்கரையில் கை வைத்திருக்கிற மனுஷன். ஆனால் பேக்கரிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பிறந்தநாள் கேக்கில் பெயரை ஒரு இழை கோணலாக எழுதிவிட்டு, முழுசையும் வழித்துப் போட்டுத் திரும்ப எழுதினார். அந்த ஆள் மறக்க மாட்டார்.)

இதில் கொடுமை என்னவென்றால் மில்லிமீட்டரின் தளபதிக்குப் பெயிண்ட் அடித்ததே கேக்குதான். சண்டைக்கு முந்தின வருஷம், பிறந்தநாள் பரிசு. சிவப்பு அங்கி, கையில் வாள். கண்ணாடிக் கடைக்காரனின் தளபதி என்பதால் மூக்கின் மேல் குட்டியாக ஒரு கண்ணாடியும் வரைந்திருந்தார். சண்டைக்குப் பிறகு அந்தத் தளபதியை மற்ற சிப்பாய்களோடு பெட்டியில் போட இவருக்கு மனசு வரவில்லை. விளையாடவும் மனசு வரவில்லை. ஷோகேசில் வைத்தார். வாடிக்கையாளர்கள் விலை கேட்டால் விற்பனைக்கு இல்லை என்பார்.

மூன்று வருஷம். விசேஷங்களில் இருவரும் ஒரே சோபாவில் உட்காருவார்கள். ஒருவர் உப்பு வேண்டுமென்றால் 'அவர்கிட்ட உப்பை எடுத்துத் தரச் சொல்லு' என்று வேறொருவரிடம் சொல்ல வேண்டும். உப்பு எதிரில்தான் இருக்கும். யாரிடம் சொல்வார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் பட்டியலில்

5.

மன்னிக்கவும். மேலே உள்ள வாக்கியம் பாதியில் நிற்பதற்கு நான் பொறுப்பில்லை. அச்சகத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். நான் இதுவரை எழுதியதை மில்லிமீட்டரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். அது அவர் மனைவி கைக்குப் போயிருக்கிறது. கேக்கின் அக்காவும் அவர்தான்.

தாள்களை என் மேசையில் வைத்தார். "மூணு வருஷமா அந்த உப்பைக் கடத்திட்டு இருந்தது நான். பல் டாக்டர் லிஸ்ட்ல இருக்கார். மூணரை சென்டிமீட்டர் பொம்மை இருக்கு. என்னைக் காணோமே?"

நான் அசடு வழிந்தேன். அந்தக் கட்டுக்குள் இருந்த காகிதங்களை மட்டும் எண்ணிப் பாத்திரங்களை எடுத்தேன், நீங்கள் அதில் இல்லை என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். தன் கணவர் செய்த தப்பும் அதேதான் என்றார். புதன்கிழமை சாயங்காலம் ஐந்தேமுக்காலுக்கு மில்லிமீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த சிப்பாய்களை ஒவ்வொருவராக எடுத்து, தட்டை அளந்து, பட்டியலில் எழுதினார். முப்பத்தொரு பேர். அனுப்பிவிட்டார். அளந்து அளந்து எழுதினால் தப்பே வராது என்று நினைக்கிற மனுஷன் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. தளபதி பெட்டியில் இல்லை, ஷோகேசில் இருந்தான்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அவனை ஏன் எடுத்துக்கொண்டு போனார் என்று கேட்டேன். மச்சான் மூன்று வருஷத்துக்குப் பிறகு போட்டிக்கு வருகிறான் என்று சனிக்கிழமைதான் தெரிந்ததாம். அவன் கண்ணில் படட்டும் என்று எடுத்துப் போயிருப்பார் என்றார். "வாயால சொல்ல வராதுல்ல."

6.

மூன்றாவது சுற்று. ஏழாவது மேசை: மில்லிமீட்டரும் கேக்கும். நடுவர் ஜோடிகளைப் படித்தபோது கூடத்தில் இருந்த எல்லோரும் தங்கள் வேலையைப் பார்ப்பது போல் பாவனை செய்தார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் பட்டியல்களை மாற்றிக்கொள்ள வேண்டும். இருவரும் மாற்றிக்கொண்டார்கள், முகம் பார்க்காமல். மில்லிமீட்டர் சிப்பாய்களை நிறுத்தினார். கடைசியாக, முதல் இரண்டு சுற்றிலும் வெளியே எடுக்காத துணியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்து, தளபதியை முன்வரிசைக்கு நடுவே வைத்தார். தன் முறை முடிந்தது என்று ஆட்டக் கடிகாரத்தைத் தட்டினார்.

கேக்கு நிமிர்ந்து பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடி மேலே போய், மறுபடி இறங்கியது.

மில்லிமீட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி, புதன்கிழமை, ஐந்தேமுக்கால். ஏழாவது விதியை எழுதியவரே அவர். போன வருஷம் ஒரு ஆசிரியரின் பீரங்கியை அதே விதியில் தூக்கிப் பெட்டியில் போட்டவரும் அவர். தோற்பது பெரிதில்லை. தன் மச்சான் பெயிண்ட் அடித்த தளபதியை, தன் மச்சான் கையாலேயே, தன் விதியால் வெளியே எடுக்க வைத்தால், அதற்குப் பிறகு இந்த ஜன்மத்தில் இவர்களுக்குள் பேச்சு கிடையாது. அது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கேக்கு சுற்றுமுற்றும் பார்த்தார். நடுவரைத் தேடவில்லை, பழக்கதோஷத்தில் அக்காவைத் தேடினார், தூது சொல்ல. அக்கா வீட்டில் இருந்தார். சுவரில் பெரிய எழுத்தில் விதிகள் ஒட்டியிருந்தன. இருபத்து மூன்று: நேராகக் கேட்க வேண்டும்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கேக்கு தொண்டையைச் செருமினார்.

"தொடலாமா?"

மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை.

"தொடு மச்சான். நீ பண்ணினதுதானே."

கேக்கு இரண்டு விரலால் தளபதியைத் தூக்கி, கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி இன்னும் உரியல."

"தினம் துடைக்கிறேன்."

"லிஸ்ட்ல இவன் இல்ல மச்சான்."

"தெரியும். இப்பத்தான் தெரியும்."

தளபதி கேக்கின் விரல்களுக்கு நடுவே இருந்தான்.

7.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கீழே மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) கேக்கு கை தூக்கி நடுவரைக் கூப்பிடுகிறார். தளபதி பெட்டிக்குப் போகிறான். இரண்டு மில்லிமீட்டருக்குக் கணக்குத் தீர்ந்தது. (நியாயம். ஆனால் தினம் துடைக்கிறேன் என்று சொன்னதைக் கேட்ட பிறகுமா?)

(ஆ) மில்லிமீட்டரே கை தூக்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறார். (ரொம்ப நல்லவராகிவிடுகிறார். எனக்கு அவர் மேல் அந்த அளவு நம்பிக்கையில்லை.)

(இ) கேக்கு தளபதியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டுகிறார். ஆட்டம் தொடர்கிறது. (இது பாசமா, கூட்டுக் களவா? விதி முப்பது இதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் பேசுகிறது.)

மில்லிமீட்டரைக் கேட்டேன். முடிவு ஸ்கோர் தாளில் இருக்கும், தாள் நடுவரிடம் இருக்கும் என்றார். நடுவரைப் போய்க் கேட்டேன். நாற்காலியில் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல்லில் சொத்தை என்றார். கேள்வி கேட்க எனக்கு வாய் திரும்பக் கிடைத்தபோது அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

கடைசியாக அந்த அம்மாளைக் கேட்டேன், பட்டியலில் இல்லாதவரை.

யார் ஜெயித்தது என்று தனக்குத் தெரியாது என்றார். அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்களாம். சாப்பிட உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பித்ததாம். நீ அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று ஒருவர், பிறகு எதற்கு விதி எழுதினாய் என்று இன்னொருவர். குழம்பு ஆறிப்போய், அதைச் சூடுபண்ணி, அது மறுபடி ஆறும்வரை ஓயவில்லையாம்.

"ரெண்டு பேரும் நேருக்கு நேரா கத்திக்கிட்டாங்க. உப்பைக்கூட எட்டி எட்டி அவங்களே எடுத்துக்கிட்டாங்க. என்னை ஒருத்தரும் கூப்பிடல. சும்மா உக்காந்து சாப்பிட்டேன், மூணு வருஷத்துக்கு அப்புறம்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அடுத்த போட்டிக்கு அச்சடிக்க வைத்திருந்த விதித்தாளை எடுத்து, இருபத்து மூன்றுக்குக் கீழே இரண்டு சொற்கள் எழுதினாராம். அந்தக் கையெழுத்து அவருடையதுதான். "நாளைக்கு வேற எதுக்காவது முறைச்சுக்கிட்டா, கேக்கறதுக்கு ஒரு விதி இருக்கணும்ல."

8.

இனி உங்கள் முறை. மூன்று முடிவுகளில் எது நடந்தது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் நான்கு பேரை எழுதிக் கொடுத்து ஐந்து பேரை இறக்கியிருக்கிறேன். விதி ஏழின்படி நீங்கள் கை தூக்கினால், அந்த அம்மாளை இந்தக் கதையிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். உப்பு யார் கைக்கும் போகாமல் நிற்கும். இருபத்து மூன்றாவது விதி பாதியோடு முடியும். தாராளமாகத் தூக்குங்கள். ஆனால் எடுக்கும் முன் அவரிடம் நேராகக் கேட்க வேண்டும், வாசகராக இருந்தாலும்.

நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். "எடுத்துத்தான் பாருங்களேன்" என்றார்.