பேஸ்டிங் பெண்கள் பார்த்த இருட்டு நாடகம்

நாடகமாம். அதுவும் இருட்டிலே நடக்கிற நாடகமாம். மேடையில் விளக்கே போடமாட்டார்களாம், ஏதோ ஊதா வெளிச்சத்தில் நாற்காலியும் குடையும் தானாகப் பறக்குமாம். அதைப் பார்க்கத்தான் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வேலையெல்லாம் அப்படியே கிடக்க, ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கும்போதே மோகனாவுக்கு எரிச்சலாக வந்தது.

பேருந்து ஷூ கம்பெனிப் பேருந்துதான். ஆனால் இன்றைக்கு அதன் முகப்பில் சாமந்தி மாலை. வாசலில் நின்று பெண்களை ஒவ்வொருவராக ஏற்றிவிட்டவன் மேனேஜர் நவீன்குமார். வாயெல்லாம் பல். "பார்த்து ஏறும்மா, பார்த்து" என்று அவன் சொன்னபோது மோகனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தால் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுகிற ஆள், இன்றைக்குப் படி வழுக்கும் என்று கவலைப்படுகிறான். முன் இருக்கையில் பெட்ரா மேடம் உட்கார்ந்திருக்கிறாள் அல்லவா, அவளுக்காகத்தான் இந்தக் கரிசனம்.

பெட்ரா மேடம் பிராக் என்கிற ஊர்க்காரி. ஆம்பூரில் இவர்கள் செய்கிற ஷூவை வாங்குகிற கம்பெனியின் சார்பில் வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள். இந்த இருட்டு நாடகம் அவள் ஊர்ச் சரக்கு. ஊர் ஊராகப் போகிற அந்தக் குழு வேலூரில் ஒரு கல்லூரி அரங்கத்தில் ஆடப்போகிறது என்று தெரிந்ததும், "நம் தொழிலாளிகளும் பார்க்கட்டுமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நவீன்குமார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். எந்த செக்‌ஷனை அழைத்துப்போவது என்று யோசித்து, சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் பேஸ்டிங் பெண்கள்தான் என்று முடிவு செய்தான். ஷிப்ட் முடிந்த கையோடு, வீட்டுக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்ளக்கூட விடாமல் வண்டியில் ஏற்றிவிட்டான்.

"டிபன் தருவாங்களா யக்கா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜஹீதா கேட்டாள். மோகனாவுக்கு அடுத்த இடத்தில் நின்று வேலை செய்கிறவள்.

"இந்த ஆளா? ஒரு சமோசாவை ரெண்டாப் பிச்சுக் குடுப்பான். அதையும் போட்டோ எடுத்துக்குவான்."

பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றபோது சமோசா வந்தது. ஆளுக்கு ஒன்று, முழுசாகத்தான் வந்தது. போட்டோவும் எடுத்தார்கள்.

பேஸ்டிங் என்றால் ஷூவின் மேல்பாகத்தையும் 'சோல்' என்கிற அடிப்பாகத்தையும் ஒட்டுகிற வேலை. ஒட்டுவதற்கு முன்னால், பசை நன்றாகப் பிடிக்க, சோலுக்கு ப்ரைமர் என்கிற மருந்தை பிரஷால் அடிக்க வேண்டும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் தோலை அரித்துத் தின்றுவிடும். மோகனாவின் விரல் நுனிகளில் ரேகை போய் ஐந்து வருஷமாகிறது. ரசம் சாதத்தைப் பிசைந்தால் உள்ளங்கை தீயாய் எரிகிறது என்று வீட்டில் கரண்டியால் சாப்பிடுகிறாள். "அம்மா வெள்ளைக்காரி ஆய்ட்டாங்க" என்று மகள் கிண்டல் செய்வாள். மோகனாவும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் அழுகையாக வரும்.

கையுறை இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. பெட்ரா மேடம் வருகிற அன்று காலையில் சூப்பர்வைசர் கன்னியப்பன் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். மணமணக்கிற புது க்ளவுஸ், ஆளுக்கு ஒரு ஜோடி. மேடம் வரிசையோடு நடந்து வருவாள். "ஓகே?" என்பாள். "ஓகே மேடம்" என்று பெண்கள் ராகம் போடுவார்கள். அவள் கார் கேட்டைத் தாண்டியதும் கன்னியப்பன் அதே பெட்டியோடு வந்து திரும்ப வாங்கிக்கொள்வார். க்ளவுஸ் போட்டால் பிரஷ் வேகமாக ஓடாது, கன்வேயர் நிற்கும், அதுதான் காரணம். யாராவது முணுமுணுத்தால் நவீன்குமார் எப்போதும் ஒரே பாட்டைப் பாடுவான்: "மேடமுக்குத் தெரிஞ்சா ஆர்டர் போய்டும். ஆர்டர் போனா உங்க வேலை போய்டும். யோசிச்சுப் பேசுங்க."

பெண்கள் யோசித்து யோசித்தே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மோகனாவால் மட்டும் முடியவில்லை. போன முறை மேடம் தன் முன்னால் நின்றபோது, மொழிபெயர்ப்புக்கு வந்த ஆபீஸ் பெண் அஃப்ஷாவிடம், "மேடம் போனதும் இந்த க்ளவுஸைப் பிடுங்கிக்குவாங்கன்னு சொல்லும்மா" என்றாள். அஃப்ஷா ஏதோ ஆங்கிலத்தில் சொன்னாள். மேடம் மலர்ந்து சிரித்து, மோகனாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். பிறகு கேட்டபோது அஃப்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க ஷூவைப் போட்டுப் பாக்க ஆசையா இருக்குன்னு நீங்க சொன்னதா சொன்னேன்கா. எனக்கும் வேலை வேணுமே."

அன்றிலிருந்து மோகனாவுக்கு அஃப்ஷா மேல் கோபமும், நவீன்குமார் மேல் அருவருப்பும், பெட்ரா மேடம் மேல் பரிதாபமும்தான். பாவம், எங்கிருந்தோ பறந்து வருகிறாள், இந்தக் கும்பல் அவள் கண்ணில் மண்ணைத் தூவி அனுப்பிவிடுகிறது. உண்மை ஒரே ஒரு தடவை அவள் கண்ணில் பட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று மோகனா நம்பினாள். எப்படிப் படவைப்பது என்பதுதான் தெரியவில்லை.

அரங்கத்தில் நல்ல குளிர். பெட்ரா மேடமும் நவீன்குமாரும் அஃப்ஷாவும் முன்வரிசை ஒன்றில் உட்கார, அதற்கு நேர் பின் வரிசைகளில் பேஸ்டிங் பெண்களை உட்கார வைத்தார்கள், ஓரத்தில் காவலுக்குக் கன்னியப்பன். மோகனாவுக்கு மேடமின் முதுகுக்குப் பின்னால் இடம். விளக்குகள் அணைந்தன. கும்மிருட்டு. எங்கிருந்தோ பியானோ சத்தம். மேடையில் மட்டும் ஊதா வெளிச்சம் லேசாகப் பரவ, ஒரு பச்சை மீன் நீந்தி வந்தது. அதன் பின்னால் ஒரு தொப்பி. தொப்பிக்குப் பின்னால் ஒரு நாற்காலி, அது ஒரு பெண்ணைத் துரத்தியது.

முன்வரிசையில் ஆகா ஓகோ என்றார்கள். மோகனா கொட்டாவி விட்டாள். இதிலே என்ன அதிசயம்? கறுப்புத் துணிக்கு முன்னால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தன் நாற்காலியைத் தூக்கி ஆட்டுகிறான். தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்கும், கைதட்டல் நாற்காலிக்குப் போகும். இதைப் பார்க்க டோல்கேட் தாண்டி வரவேண்டுமா, கன்வேயர் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் தினமும் பார்க்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

நாற்காலி மறைந்தது. அடுத்து பெரிய காட்சி போலிருக்கிறது. ஊதா வெளிச்சம் சட்டென்று பலமாகி, மேடையைத் தாண்டி முன்வரிசைகள் வரைக்கும் வந்து விழுந்தது.

"யக்கா!" என்று ஜஹீதா அலறினாள். "உன் கையி!"

மோகனா குனிந்து பார்த்தாள். மடியில் கிடந்த அவளுடைய இரண்டு கைகளும் நீலமாக எரிந்தன. விரல்கள், நகக்கண்கள், மணிக்கட்டு வரைக்கும் பளபளவென்று. ஜஹீதாவின் கையும் அப்படியே. வரிசை முழுக்க, பின்வரிசை முழுக்க, முகங்கள் தெரியாத இருட்டில் கைகள் மட்டும் நீலமாக ஒளிவிட்டன.

ப்ரைமர் செய்த வேலை அது. தண்ணீர் நிறத்தில் இருப்பதால் சோலில் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காகவே ஒரு மருந்தைக் கலந்திருப்பார்கள். செக்கிங் மேசையில் ஊதா விளக்கின் கீழே பிடித்தால் ப்ரைமர் பட்ட இடமெல்லாம் நீலமாகத் தெரியும். சோப்பு போட்டுக் கழுவினாலும் சுலபத்தில் போகாது. பேஸ்டிங் பெண்களை ஷிப்டிலிருந்து நேராக ஊதா விளக்குக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கிறோமே என்று நவீன்குமாரின் படித்த மண்டையில் தோன்றவே இல்லை.

"கையை மறைங்க! முந்தானைக்குள்ள விடுங்க!" கன்னியப்பன் வரிசை ஓரத்திலிருந்து சீறினார். "மேடம் பார்த்தா அவ்ளோதான்!"

நீல வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஜஹீதா தன் கைகளைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டாள். மோகனா மட்டும் மறைக்கவில்லை. இனி அஃப்ஷா தேவையில்லை, ஆங்கிலம் தேவையில்லை. க்ளவுஸ் போட்ட கையில் ப்ரைமர் எப்படி ஏறும் என்று ஷூ வாங்குகிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மோகனா எழுந்து, இரண்டு கைகளையும் முன் இருக்கைக்கு மேலாக நீட்டி, பெட்ரா மேடமின் முகத்துக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தாள்.

மேடம் திரும்பினாள். கைகளைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். பிறகு மோகனாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிர்ந்துபோய்விட்டாள், பாவம், என்று மோகனா நினைத்தாள்.

இடைவேளையில் விளக்கு வந்ததும் பார்த்தால் நவீன்குமாரின் முகம் வெளுத்துக் கிடந்தது. அந்தக் குளிரிலும் வியர்வை. "லேடீஸ் க்ரீம் மேடம், ஹேண்ட் க்ரீம், எல்லாரும் போடுவாங்க" என்று ஆங்கிலத்தில் அசடு வழிந்துகொண்டிருந்தான். வருஷக்கணக்காகப் பூசி மெழுகியவனுக்கு அவசரத்துக்கு இதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லை.

மோகனா அவனைத் தாண்டிப் போய் மேடம் முன்னால் நின்றாள். கம்பெனியில் பொறுக்கிய ஆங்கிலம் அவளிடம் கொஞ்சம் இருந்தது. உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினாள். உரிந்த தோல், வெடித்த நகம்.

"மேடம். யூ கம், க்ளவுஸ். யூ கோ, நோ க்ளவுஸ். டெய்லி நோ க்ளவுஸ்."

"ஏய், இன்னாம்மா நீ" என்று நவீன்குமார் பாய்ந்து வந்தான்.

மேடம் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். மோகனாவை அன்பாகத்தான் பார்த்தாள்.

"ஐ நோ, மோகனா" என்றாள்.

பெயர்கூடத் தெரிந்திருக்கிறது. அதன்பின் அவள் நவீன்குமாரிடம் தாழ்ந்த குரலில் நிறையப் பேசினாள். வெளுத்துக் கிடந்த அவன் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. தலையைத் தலையை ஆட்டினான்.

"இன்னா சொல்றாங்க?" மோகனா அஃப்ஷாவின் பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவையாவது உள்ளதை உள்ளபடி சொல்லு."

இந்த முறை அஃப்ஷா தலையைக் குனியவில்லை. மேனேஜரைப் பார்க்காமல், மோகனாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவங்களுக்கு முதல்லேருந்தே தெரியுமாம்கா. க்ளவுஸெல்லாம் மடிப்புகூடக் கலையாம இருக்குமாம், அதிலேயே தெரிஞ்சுபோச்சாம். ஷூ நேரத்துக்கு வந்து சேருதான்னு பாக்குறதுதான் அவங்க வேலையாம். க்ளவுஸைப் பாக்குறதுக்கு வேற ஆளாம். அந்த ஆளு அடுத்த மாசம் வர்றாராம். அவர் வர்றப்ப பேஸ்டிங் ஆளுங்களை இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போயிடாதீங்கன்னு சார்கிட்ட சொல்றாங்க."

 மோகனாவுக்கு அவமானம் பொங்கி வந்தது. இந்த பொம்பளைக்காகவா பரிதாபப்பட்டேன்? இவள் ஏமாந்து போகிறாளே என்று இவளுக்காகவா ராத்திரியெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது? நவீன்குமாராவது பொய் சொல்லும்போது வியர்க்கிறான். இவளுக்கு அதுகூட இல்லை. தெரிந்தே "ஓகே?" என்று கேட்டுக்கொண்டு வரிசையோடு நடந்திருக்கிறாள். இப்போதுகூடச் சங்கடமே இல்லாமல் சிரித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து சாக்லெட் எடுத்து நீட்டுகிறாள்.

மோகனா சாக்லெட்டை வாங்கவில்லை. காறித் துப்பலாம் போலிருந்தது. அரங்கத்துக் கம்பளம் பாழாகுமே என்று விட்டுவிட்டாள்.

"சார்" என்று நவீன்குமாரைக் கூப்பிட்டாள். இரண்டு வரிசைக்கும் கேட்கிற மாதிரிதான் கூப்பிட்டாள். "திங்கக்கிழமை க்ளவுஸ் குடுத்தா பிரஷைத் தொடுறேன். இல்லாட்டி கன்வேயர் பாட்டுக்கு ஓடட்டும், நான் பாட்டுக்குக் கையைக் கட்டிட்டு நிக்குறேன்."

"மேடம் எதிர்ல இன்னா பேச்சு இது? ஆர்டர் போய்ட்டா நீயா..."

"எங்க போச்சு?" மோகனா கேட்டாள். "அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே. தெரிஞ்சும் வாங்கிட்டுத்தானே இருக்காங்க? இத்தினி நாளா இன்னாத்தைக் காட்டி எங்களை மிரட்டிக்கினு இருந்தே?"

சாரிலிருந்து ஒருமைக்கு இறங்கியது அவளுக்கே தெரியவில்லை. நவீன்குமார் வாயைத் திறந்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது, எல்லோரும் உட்காருங்கள் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டான்.

மோகனா தன் இடத்துக்குத் திரும்பினாள். அவள் சொன்னது வரிசையோடு ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. அரங்கம் இருண்டது. பியானோ தொடங்கியது. ஊதா வெளிச்சம் மறுபடி பலமாக வந்து விழுந்தது.

"கையை மறைங்கம்மா" என்றார் கன்னியப்பன், பழக்க தோஷத்தில். "மேடம் இருக்காங்க."

"அவங்களுக்குத் தெரியுமாம் அண்ணே" என்று ஜஹீதா சொன்னாள். "நாங்க யாருக்கு மறைக்கணும்?"

 ஜஹீதா துப்பட்டாவிலிருந்து கைகளை எடுத்து முன் இருக்கையின் முதுகில் வைத்தாள். அவளுக்கு அடுத்தவள் வைத்தாள். பிறகு அடுத்தவள். பெட்ரா மேடமின் தலைக்கு இரண்டு பக்கமும் மோகனாவின் கைகள் நீலமாக எரிந்துகொண்டிருந்தன. நாடகம் முடிகிறவரைக்கும் மேடம் கழுத்தைத் திருப்பவே இல்லை.