மூன்றாவது வரியில் ஒரு பெயர்

ஏழாம் எண் கவிதைக்கு ஒன்பது ஓட்டு விழுந்திருந்தது. ஓட்டுப் போட்டவர்களே பத்துப் பேர்தான். சபாபதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கவிதையை இன்னொரு முறை வாசித்துவிட்டு, எழுதியவர் பெயரைச் சொல்லலாம் என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. கீழே மேலவீதியில் போன ஆட்டோ சத்தம் மாடிவரை கேட்டது. எழுதியவர் யார் என்பது எனக்குத் தெரியும். அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் தெரியும்.

சிதம்பரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் சபாபதி சார், கடை மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு ஹைக்கூக் கூட்டம் நடத்துகிறார். ஜப்பானில் இப்படித்தான் கூடுவார்களாம். அவரவர் கவிதையைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். எங்கள் டப்பா, காலியான மாத்திரை டப்பா. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எல்லாச் சீட்டையும் ஒரே ஆள் ஒரே தாளில் எண் போட்டுப் பிரதி எடுக்க வேண்டும். தாள் சுற்றி வரும். ஆளுக்கு மூன்று ஓட்டு, தன் கவிதைக்குத் தானே போடக்கூடாது. எண்ணி முடியும்வரை எழுதியவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் எழுந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும். பேராசிரியர், கொத்தனார் என்ற வித்தியாசமெல்லாம் அந்த டப்பாவுக்குள் செல்லாது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தபால் பிரிக்கிறவள் நான். கையெழுத்து அழகு என்று பிரதி எடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்பதால் எனக்கு ஓட்டு கிடையாது.

ஆரம்பத்தில் நாங்கள் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. கத்திரி வெயிலில் மின்விசிறியும் நின்றுபோன ஒரு நாள், கல்லூரியில் பாடம் எடுக்கும் வினோதினி பனி பொழிவதைப் பற்றி எழுதிவந்தாள். செர்ரிப் பூவை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை, ஆனால் ஆளுக்கு ஐந்து கவிதை அதன்மேல் எழுதியிருந்தோம். பருவத்தைக் காட்டும் சொற்களுக்கென்றே ஜப்பான்காரர்கள் தடிப் புத்தகம் வைத்திருக்கிறார்கள், நமக்கும் ஒன்று வேண்டும் என்று சபாபதி சார் ஒரு நோட்டுப் போட்டார். முந்திரிப்பழ வாசம், ஆருத்ரா தரிசனக் குளிர் என்று சேர்ந்துகொண்டே போனது. அதில் 'புயல் கூண்டு' என்ற சொல்லைக் கொடுத்தவர் லூர்துசாமி அண்ணன். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டைக் கயிறு இழுத்து ஏற்றுகிறவரே அவர்தான். கம்பத்துக்குப் பக்கத்திலேயே அவர் மனைவி சின்னம்மாள் நண்டு விற்கிறாள்.

நான்கு வருடமாக வந்தும் அண்ணனுக்கு இரண்டு ஓட்டுக்கு மேல் விழுந்ததில்லை. மூன்றாவது வரியில் 'நெஞ்சு வலிக்குதே' என்று எழுதிவிடுவார். வலியை நீங்கள் சொல்லாதீர்கள், நண்டு சொல்லட்டும் என்று சார் தலைப்பாடாக அடித்துக்கொள்வார். பொங்கலுக்கு வரப்போகும் எங்கள் முதல் தொகுப்பில், இந்த மாதம் அதிக ஓட்டு வாங்கும் கவிதைக்கு முதல் பக்கம் என்று முடிவாகியிருந்தது. அண்ணன் அதைத் துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கு அவர் போட்ட சீட்டில் இப்படி இருந்தது:

மூன்றாம் எண் கூண்டு
கம்பத்தடியில் இன்னும்
நண்டு கட்டுகிறாள் சின்னம்மாள்

படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. வலி, கிலி ஒன்றும் இல்லை. வானத்தில் புயல், கீழே நண்டின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டும் இரண்டு கை. கூண்டையும் நண்டையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அந்தப் பெயர் உறுத்தியது. அண்ணன் வாயைத் திறந்தால் சின்னம்மாள்தான், பெயரைப் பார்த்ததும் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் பிரதி எடுக்கும்போது அந்த இடத்தில் 'ஒருத்தி' என்று எழுதிவிட்டேன். விதியைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு. பெயர் இல்லாவிட்டால் கவிதை இன்னும் உயரமாகத் தெரியும் என்ற மேதாவித்தனமும் கூட இருந்தது.

ஏழாம் எண் யாருடையது என்று சார் மூன்றாவது முறை கேட்டபோது லூர்துசாமி அண்ணன் எழுந்தார்.

"இது என்னுது இல்ல சார். என்னுதுல ஒருத்தி இல்ல. சின்னம்மாள்னு எழுதியிருந்தேன்."

நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். சபாபதி சார் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. வினோதினி மட்டும், 'ஒருத்தி'தான் நன்றாக இருக்கிறது, எந்தப் பெண்ணையும் அதில் பார்க்கலாமே என்றாள். சிலர் தலையாட்டினார்கள். ஓட்டு விழுந்தது இந்த வடிவத்துக்குத்தான், ஒத்துக்கொண்டால் முதல் பக்கம் உங்களுடையது என்று சாரும் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். என் தப்பு அதோடு கழுவப்பட்டுவிடும் அல்லவா. அண்ணன் அந்தத் தாளில் 'ஒருத்தி' என்ற இடத்தில் விரல் வைத்தார்.

"எல்லாருக்கும் அவ ஒருத்திதான் சார். நண்டுக்காரி, லூர்து பொண்டாட்டி, சுவேதா அம்மா. முப்பது வருஷமா அங்க ஒக்காந்திருக்கா. நான் எழுதுனதே அவ பேர எழுதத்தான். மொதப் பக்கம் போனா போவட்டும்."

பெயரோடு மறுபடி ஓட்டுக்கு விட வழியில்லை. ஆள் தெரிந்த கவிதைக்கு எங்கள் கூட்டத்தில் ஓட்டில்லை. நான்கு ஓட்டு வாங்கியிருந்த வினோதினியின் கவிதை முதல் பக்கத்துக்குப் போனது, அண்ணனுடையது பெயரோடு உள்பக்கத்தில் எங்காவது வரும் என்று முடிவானது. அதற்கு முதலில் கை தூக்கியவரே அவர்தான். நான் வெட்கத்தில் கூனிக் குறுகியிருக்க வேண்டும். ஆனால் வெட்கத்தைவிடப் பெருமைதான் எனக்கு அதிகமாக வந்தது. இப்படிப்பட்ட மனிதரோடு நான்கு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து மூன்று வரி எழுதியிருக்கிறேன் என்ற பெருமை. கடலூர் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டபோது, "வுடு மாலதிம்மா, ஒம்போது பேரு போட்டாங்கல்ல" என்று சிரித்தார். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன், அந்த மூன்று வரியை ஒரு வெள்ளை அட்டையில் என் கையெழுத்திலேயே மிக நல்ல கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். சின்னம்மாள் நண்டு கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணன் வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை போலிருக்கிறது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி, விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"கூண்டு ஏத்துறது அவுரு. பேரு என்னுதா?"

ஆமாம் என்றேன். அதற்காக முதல் பக்கத்தை வேண்டாமென்றாரா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். அவள் குனிந்து கூடையிலிருந்து அடுத்த நண்டை எடுத்தாள். பக்கத்தில் சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்த மாரியம்மாள் கையை நீட்டி அட்டையை வாங்கி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அடுத்தவள் கையெல்லாம் செதில். அட்டை ஈரமாகி மை லேசாகக் கரையத் தொடங்கியது, நான் வாங்கி வைக்கலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன். அது கைமாறிக்கொண்டே போய், ஐஸ் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. அங்கிருந்து யாரோ முகம் தெரியாத ஒரு பெண் கடைசி வரியை உரக்க வாசித்தாள். சின்னம்மாள், கட்டாத நண்டைக் கையில் பிடித்தபடி, குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நண்டின் கொடுக்குகள் காற்றில் விரிந்து விரிந்து மூடின.