சித்தி கடைக்கு முன்னால் ஒரு வரிசை

கல்லூரிப் பின்வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் மூடிக்கிடந்த சலவைக் கடைக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் அதைக் கண்டுபிடித்தேன். சியோலுக்குப் படிக்க வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குள் தொக்போக்கி என்கிற கார அரிசிக் கட்டிக்காக முப்பத்தொரு கடைகளில் ஏமாந்திருந்தேன். இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. நான்கு ஸ்டூல், அகலமான ஒரு தட்டைச் சட்டி, அதில் கொதிக்கும் சிவப்புக் குழம்பு, பின்னால் ஒரு சித்தி. கடைக்கார அம்மாக்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கழுவுகிற வேலை மிச்சம் என்று பச்சைத் தட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி, அதன்மேல் அரிசிக் கட்டிகளை அள்ளிப் போட்டாள். முதல் கட்டியைக் கடித்ததும் பரீட்சை, வேலையில்லாத எதிர்காலம், அப்பா எல்லாம் மறந்துபோயின. விலை, கல்லூரிக் காபியைவிடக் குறைவு.

"சித்தி, இவ்வளவு ருசியா இருக்கு, ஆளே இல்லையே?"

"நீ ஆள் இல்லையா? உக்காந்து தின்னுடா."

காகிதக் கப்பில் மீன் குழம்புத் தண்ணீரை ஊற்றி நீட்டினாள். அதற்குக் காசு கிடையாது. அப்போதுதான் பெருமூச்சு விட்டாள். "இப்படியே போனா மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

முப்பத்திரண்டில் ஒன்றுதான் தேறியிருக்கிறது, அதுவும் போகப்போகிறது.

அறைத்தோழன் பொங்சொக்கிடம் சொன்னேன். அப்போதுதான் கட்டாய ராணுவச் சேவை முடித்து வந்திருந்தான். பதினெட்டு மாதம் சும்மா நின்று பழகியவன்.

"நம்ம ஊர்க்காரனுக்கு நாக்குமேல நம்பிக்கை கிடையாதுடா. முன்னாடி நிக்கிறவன் முதுகுமேலதான் நம்பிக்கை," என்றான். "வரிசை போடுவோம்."

முதலாமாண்டு ஜூனியர்கள் ஏழு பேரைக் கூப்பிட்டோம். சீனியர் நிற்கச் சொன்னால் ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்கள் துறையில் இல்லை. மதியம் பன்னிரண்டுக்கு நவம்பர் குளிரில் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார்கள்.

அரைமணியில் எட்டாவதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். எதற்கான வரிசை என்றுகூட அவள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வரிசை ஜெராக்ஸ் கடையைத் தாண்டியது. ஐந்தாம் நாள் எனக்கே ஒன்றரை மணிநேரம் ஆனது. ஜூனியர்களை யாரும் போகச் சொல்லவில்லை என்பதால் அவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று எனக்கு முன்னால் கோல்ஃப் தொப்பி போட்ட ஒரு பெரியவர் நின்றார். சாப்பிட்டார். போட்டோ எடுத்தார். சந்தின் அகலத்தைக் காலடியால் அளந்துகொண்டே போனார். நல்ல ரசிகர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை சித்தி சட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன சித்தி ஆச்சு?"

"தொப்பிக்காரன்தான்டா ஓனர். இப்படி ஒரு சந்து தனக்கு இருக்கிறதையே மறந்துட்டிருந்தான். பதினோரு வருஷமா வாடகையை ஏத்தவே இல்ல. இப்ப அவன் மருமகன் இங்கயே தொக்போக்கி போடப்போறானாம்."

"நீங்கதானே மூடப்போறேன்னு சொன்னீங்க?"

"அத பதினோரு வருஷமாச் சொல்றேன்." கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். "திடீர்னு எங்கேர்ந்துடா வந்தாங்க இவ்வளவு பேரு? எவன் பார்த்த வேலை?"

பொங்சொக் தன் ஷூவை ஆராய்ந்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அக்கா வீட்டுக்குப் போறேன், குன்சானுக்கு. பூண்டு உரிக்கிற வேலை இருக்காம்." கடைசிக் கப் மீன் குழம்புத் தண்ணீரை என்னிடமே கொடுத்தாள். அதை வாங்கிக் குடிக்கவும் செய்தேன்.

இப்போது அங்கே பெரிய பெயர்ப்பலகை இருக்கிறது. மருமகனின் அரிசிக் கட்டி செருப்பின் அடித்தோல்போல இருக்கும். விலை இரட்டிப்பு. வரிசை மட்டும் அதேதான். நேற்று ஏனோ நானும் அதில் போய் நின்றேன். பின்னாலிருந்த பையன் தோளைத் தட்டினான்.

"அண்ணே, இங்க நல்லாயிருக்குமா?"

"சத்தியமா நல்லாயிருக்காதுப்பா. போயிடு."

என்னைப் பார்த்தான். எனக்கு முன்னால் நின்ற முப்பது பேரைப் பார்த்தான். நான் வெறுத்துப்போய் வரிசையிலிருந்து விலகியதும், ஓரடி முன்னால் நகர்ந்து என் இடத்தில் நின்றுகொண்டான்.