வயிற்றுக்கு ஒரு வளையம்

கட்டட வேலை நடக்கும் அந்த இடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடிவீட்டுக்காரன் என்றுதான் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷமாக கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கீழே இருக்கிறவர்களுக்குக் கம்பியும் சிமென்ட்டும் தூக்கிக் கொடுத்தவன். காலையில் ஏணி ஏறினால் சாயந்திரம்தான் இறங்குவான். சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்வான். அங்கே மேனேஜர் கிடையாது, வம்பு கிடையாது, "என்னப்பா, இன்னும் ஒரு சுத்து பெருத்துட்டே" என்று கேட்கிற ஆள் கிடையாது. சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அதற்கும் ஒரு ஏணி வைத்துத்தான் கட்டியிருப்பார்கள் என்று மனதார நம்பினான்.

அந்தச் சொர்க்கத்திலிருந்து அவனை இறக்கியது ஒரு பெல்ட். ஏணியில் ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு பெல்ட். நூற்றிருபது கிலோவுக்கு மேல் போனால் அது தாங்காது. கம்பெனியின் மருத்துவப் பரிசோதனையில் எடை மிஷின் நூற்று நாற்பத்தொன்று காட்டியது. சைட் மேனேஜர் நல்ல மனுஷன், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அடுத்த பரிசோதனைக்குள்ள நூத்திருபதுக்குக் கீழ வந்துடு. சீட்டு உனக்குத்தான். வரலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல. அதுவரைக்கும் கீழ நின்னு சிக்னல் குடு."

ஆக, மாடிவீட்டுக்காரன் தரைக்கு வந்தான். பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, "தூக்கு, இறக்கு, நிறுத்து" என்று கைகாட்டுகிற வேலை. மேலே அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஈர்க்குச்சி என்று பெயர். பெயருக்கு ஏற்ற உடம்பு. இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே மூச்சில் தின்பான், எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாது. நல்ல பையன்தான். "அண்ணே, உங்க சீட்டைப் பத்திரமா பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் முதல் நாள் ஏறினான். அந்த நாற்காலியைத் தவிர மாடிவீட்டுக்காரனுக்கு வேறு எதுவும் கிடையாது. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, நாலு பேரோடு உட்கார்ந்து பேசவும் வராது. மேலே இருந்தால் மட்டும் அவன் ஒரு ஆள்.

நடந்து பார்த்தான், ஓடிப் பார்த்தான், பட்டினி கிடந்து பார்த்தான். எதற்கும் அசையாத உடம்பு. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வயிற்றின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம் மாட்டுவார்கள். அதற்கு மேலே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சின்னப் பை உண்டாகும். சாப்பிட்டது அந்தப் பையில் தங்கி, வளையத்தின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நாலு ஸ்பூனிலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். வளையத்திலிருந்து ஒரு குழாய் வந்து தோலுக்கு அடியில் நிற்கும். ஊசி போட்டு அதில் உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

அக்காவிடம் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாப்பிடாதேன்னு வாயால சொன்னா பத்தாதா? உள்ள போய்ப் பூட்டு போடணுமா?"

"பூட்டு இல்லக்கா. வளையம்."

"ரெண்டும் ஒண்ணுதான். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உன்னை வளர்த்தேன். இப்போ உன் வயித்தையே கட்டறாங்களா?"

அவனுக்கு அவள் பத்து வயது மூத்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள், அப்படியே இருந்துவிட்டாள். காலையில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுவாள், மத்தியானம் வந்து சமையலில் இறங்கிவிடுவாள். ஊர்வம்பும் பிடிக்காது, டிவியும் பிடிக்காது. தம்பி சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பதுதான் அவளுக்கு எல்லாப் பொழுதுபோக்கும். அவன் ஜென்மத்தில் அந்தச் சமையலறைக்குள் கால் வைத்ததில்லை. தண்ணீர் கொதித்தால் என்ன சத்தம் வரும் என்று கேட்டால்கூட முழிப்பான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலில் சில வாரம் வெறும் நீராகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் கெட்டிச் சாப்பாடு. ஆரம்பத்தில் எடை மளமளவென்று இறங்கியது. நூற்றிருபத்து நான்குக்கு வந்த அன்று டாக்டர் கைகொடுத்தார். வேலைக்கு வந்து ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்துப் பார்த்தான், யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். இன்னும் நாலே கிலோ. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவன் சீட்டியடித்தான்.

கெட்டிச் சாப்பாடு வந்த பிறகுதான் கஷ்டகாலம் ஆரம்பித்தது. ஒருநாள் டீ நேரத்தில் எல்லோருடனும் உட்கார்ந்து ஒரு ரொட்டித் துண்டைக் கடித்தான். நன்றாகத்தான் மென்றான். ஆனால் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தபடியே விழுங்கிவிட்டான். விழுங்கியது நெஞ்சுக்கு நடுவில் நின்றது. கல்லை விழுங்கியது போல ஒரு வலி. எச்சில் ஊறி ஊறி வந்தது, இறங்க வழியில்லாமல் வாய் முழுக்க நுரைத்தது. பேச முடியவில்லை. முட்டி போட்டு மண்ணில் குனிந்துவிட்டான். ஈர்க்குச்சிதான் ஓடிவந்து சிமென்ட் வாளியைப் பிடித்தான். சுற்றி நின்றவர்கள் கையிலிருந்த ரொட்டியை ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி பின்னால் மறைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு துண்டு வெளியே வந்து விழ வெகுநேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் இரும்புக் குழாய்கள் அடுக்கிய இடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கோழிக்கறியும் நெஞ்சில் நின்றது. முட்டை நின்றது. வீட்டிலும் அதே கதை. கைகழுவும் தொட்டியில் குனிந்து நுரை நுரையாகத் துப்புவான், பின்னால் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.

"சூப்பு வெச்சுத் தரேன்டா" என்றாள் ஒருநாள். "வெறும் காய்கறி. அது இறங்கும்."

இறங்கியது. வலியில்லாமல், ஒரு இடத்திலும் நிற்காமல் இறங்கியது. இரண்டு தம்ளர் குடித்தான், நெஞ்சு இதமாக இருந்தது. அதன்பிறகு காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளையும் சூப்புதான். பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். என்ன ருசி, என்ன ருசி! கேரட்டையும் பூசணியையும் வேகவைத்த தண்ணீரா இது என்று அவனுக்கே ஆச்சரியம். அக்காவின் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டான். கொக்கியில் ஒரு சுமையை மாட்டினால், கயிறு இழுக்கிற விதத்தை வைத்தே அதன் எடையைச் சொல்லிவிடுகிற ஆள் அவன். தம்ளரில் இருப்பதன் எடை மட்டும் அந்த மண்டைக்கு எட்டவில்லை.

எடை இறங்குவது நின்றுவிட்டது. டாக்டர் வளையத்தை இறுக்கினார். இறுக்கியதும் மசித்த உருளைக்கிழங்குகூட நின்றது, ஆகவே இன்னும் கொஞ்சம் சூப்பு. எடை மெல்ல ஏற ஆரம்பித்தது. மறுபடி இறுக்கினார். இன்னும் கொஞ்சம் சூப்பு. நூற்றிருபத்தொன்பது காட்டிய அன்று உணவு ஆலோசனை சொல்லும் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஐஸ்கிரீம், மில்க் ஷேக் மாதிரி ஏதாவது போகுதா? தண்ணியா இருக்கறது எல்லாம் வளையத்தை ஏமாத்திட்டு இறங்கிடும்னு முதல் நாளே சொன்னேனே."

"சத்தியமா இல்லீங்க. காய்கறி சூப்பு மட்டும்தான்."

"எல்லாரும் முதல்ல சூப்புன்னுதான் சொல்வாங்க."

"என் அக்கா வெச்சுத் தர்றதுங்க!"

"காதுல பூ சுத்தாதீங்க. வெறும் காய்கறி சூப்புக்கு இப்படி ஏறாது. எங்கிட்ட மறைச்சா எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

வெளியே வந்தவனுக்கு அழுகை முட்டியது. தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து போய் எதையாவது தின்கிறேனோ? காலையில் எழுந்ததும் கையை முகர்ந்து பார்ப்பான், சட்டையில் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று உதறிப் பார்ப்பான். திருடனும் அவனே, காவல்காரனும் அவனே என்று ஒரு பைத்தியக்காரப் பிழைப்பு. அக்காவிடமே கேட்டான்.

"நான் தெரியாம எதையாவது திங்கறேனாக்கா?"

அவள் முந்தானையால் தம்ளரைத் துடைத்தாள். "சீ, பேசாம குடி" என்றாள்.

பரிசோதனை நாள் வந்தது. முந்தின நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பேன்ட் பெல்ட்டைக் கழற்றினான், பனியனைக் கழற்றினான், பாக்கெட்டிலிருந்த சாவியைக்கூட எடுத்து வைத்தான். மிஷின் நூற்று முப்பத்தொன்று காட்டியது. இறங்கி, இன்னொரு முறை ஏறினான். அது மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

சைட் மேனேஜர் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நம்மகிட்ட இருக்கறது ஒரே கிரேன். அந்தப் பையனை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. சின்ன வயசு, அவன் இனிமே அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டான். நீ சிக்னல்லயே இரு. இன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் படு, போ."

வாசலில் ஈர்க்குச்சி நின்றிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, "அண்ணே" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அவன் மேல் கோபப்படக்கூட வழியில்லாதது மாடிவீட்டுக்காரனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நடுமத்தியானம். மிக்ஸி சத்தத்தில் அவன் வந்தது அக்காவுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. கூப்பிடத் தெம்பில்லாமல் அவனே சமையலறைப் பக்கம் போனான்.

மேடையில் ஒரு வெண்ணெய்க் கட்டி, பாதிக்கு மேல் காலி. பக்கத்தில் கிரீம் டப்பா, முந்திரிப்பருப்பு அரைத்த விழுது ஒட்டிய கிண்ணம். அக்கா மிக்ஸியைத் திறந்து, எல்லாவற்றையும் சூப்போடு கலந்து, ஒரு வடிகட்டியில் ஊற்றி ஸ்பூனால் தேய்த்துத் தேய்த்து வடித்துக்கொண்டிருந்தாள். ஒரு திப்பிகூட உள்ளே போய் நின்றுவிடாதபடிக்கு அவ்வளவு பொறுமை. கைக்குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவள்கூட அத்தனை கவனமாக இருக்க மாட்டாள்.

"அக்கா."

வடிகட்டி கையிலிருந்து நழுவியது.

"சீட்டு போச்சுக்கா."

அவள் வெண்ணெயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மறைக்க முயற்சி செய்யவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டான்.

"முதல்லேர்ந்தே."

"அவங்க என்னைத் திருடன்னு சொன்னாங்கக்கா. நானே நம்பிட்டேன். உன்கிட்டதானே வந்து கேட்டேன்!"

அவன் போட்ட கத்தலில் நெஞ்சில் வளையம் இருக்கிற இடம் வலித்தது. அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது, அவள் மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு அப்பா முகம் ஞாபகம் இருக்காது" என்றாள் அக்கா. "அவருக்குத் தொண்டையில வந்தது. கடைசியில கஞ்சித்தண்ணி கூட இறங்கல. இப்படித்தான் நுரை நுரையா துப்புவாரு. நான் ஸ்பூனைப் பிடிச்சுகிட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு ஸ்பூன்டா. ஒரு ஸ்பூன் இறக்க முடியல என்னால." மூக்கை உறிஞ்சினாள். "நீ தொட்டியில குனிஞ்சப்போ எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. டாக்டர் திட்டறாருன்னு நீ சொன்னப்பல்லாம் நிறுத்திப் பார்த்தேன். ரெண்டு நாள்ல கன்னம் ஒட்டிப்போய் சுருண்டு படுத்துப்பே. என்னால முடியலடா தம்பி."

"எனக்கு நோயில்லக்கா."

"தெரியும்."

"அந்தச் சீட்டுக்காகத்தான் வயித்தைக் கிழிச்சுகிட்டேன்."

"அதுவும் தெரியும்" என்றாள். மிக்ஸியில் இருந்ததை அப்படியே தொட்டியில் கொட்டினாள். குழாயைத் திறந்துவிட்டாள். இன்னொரு பாத்திரத்தில் கேரட்டை வேகவைத்து, உப்பு மட்டும் போட்டு, வடித்து, ஒரு தம்ளரில் ஊற்றி, வெளியே சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்ட அவன் முன்னால் வைத்தாள்.

"இனிமே இதுதான். சத்தியம்."

அவன் ஒரு வாய் குடித்தான். காய் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. இதைத்தான் இத்தனை நாளாகக் குடிக்கிறோம் என்று அவன் ஊருக்கெல்லாம் சத்தியம் செய்திருக்கிறான். இதையே குடித்திருந்தால் இந்நேரம் ஏணியில் பாதி தூரம் போயிருப்பான். இனிமேலும் குடிக்கலாம். குடித்தால் இளைப்பான், நூற்றிருபதுக்கு வருவான், நூற்றுக்கும் வருவான். வந்து, கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, கைகாட்டுவான். டாக்டரும் வளையத்தை இதற்கு மேல் இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரொட்டி இந்த ஜென்மத்தில் இறங்கப் போவதில்லை.

எதிரே அக்கா உட்கார்ந்திருந்தாள். அவன் சாப்பிடும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டதை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"வெண்ணெய் மிச்சம் இருக்கா?" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். "வேணாம்டா."

"போடுக்கா."

"வேணாம்டா, தம்பி. என் கையால இனிமே போட மாட்டேன்."

"இனிமே இளைச்சு என்னக்கா பண்ணப் போறேன்?"

அவள் எழுந்திருக்கவில்லை. அவனே எழுந்து உள்ளே போனான், எந்தக் கத்தி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் துழாவி, விரலாலேயே ஒரு பெரிய துண்டைப் பிய்த்து எடுத்துவந்து தம்ளரில் போட்டான். அது மெல்ல உருகி மஞ்சளாக மிதந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் தம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். வலியில்லாமல், எங்கேயும் நிற்காமல், நேராகக் கீழே இறங்கியது.